விளக்கு எரிகிறது, திரை இருண்டிருக்கிறது

ஜித்ராவில் ஒரு பழைய வீடு. தீபாவளிக்கு முன் வீட்டை ஒழுங்குபடுத்தும்போது, அலமாரியின் மேலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே, தட்டச்சுப் பொறியைப் போலத் தோன்றும் தடித்த பழுப்பு நிறக் கணினி ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில் செங்கல்லைப் போலக் கனக்கும் மின்வழங்கி. கீழே நான்கைந்து ஒலிநாடாக்கள். ஒரு நாடாவின் உறையில் மாமாவின் கையெழுத்தில் “தமிழ் எழுத்து, 1986” என்று எழுதியிருக்கிறது. படிவம் மூன்றில் படிக்கும் மருமகளுக்கு ஆவல் தாங்கவில்லை.

“மாமா, சுவிட்சைப் போட்டுப் பார்க்கட்டுமா?”

“பொறும்மா. அது ஏற்கெனவே செத்துப் போயிருந்தால் பரவாயில்லை. இன்னும் உயிரோடு இருந்தால், இந்தச் செங்கல் அதைக் கொன்றுவிடும்.”

மாமா மிகைப்படுத்திப் பேசவில்லை. அந்தக் கணினியின் பெயர் காமடோர் 64. அமெரிக்காவின் காமடோர் நிறுவனம் 1982 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மின்னணுப் பொருட்காட்சியில் அதை அறிமுகப்படுத்தி, அதே ஆண்டில் விற்பனைக்கும் கொண்டு வந்தது. விலை 595 அமெரிக்க டாலர். உலகில் மிக அதிகமாக விற்பனையான வீட்டுக் கணினிகளுள் அதுவும் ஒன்று. அதன் மின்வழங்கியோ, தான் பழுதாகும்போது கணினியையும் சேர்த்துப் பழுதாக்குவதில் பெயர்பெற்றது. பழைய கணினிகளைச் சேகரிப்போர் அதைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. நாற்பது ஆண்டுகள் நலமாக உறங்கிய கணினி, ஆசையோடு சுவிட்சைப் போட்ட சில நொடிகளில் வீணாகிவிடலாம்.

பெயரில் உள்ள 64 என்பது அதன் நினைவகத்தின் அளவு, அதாவது 64 கிலோபைட். இன்று நம் திறன்பேசி எடுக்கும் 3 மெகாபைட் படம் ஒன்றைச் சேமிக்க அப்படிப்பட்ட 48 கணினிகளின் நினைவகம் வேண்டும். திரையாக வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைப் பயன்படுத்தினார்கள். நிரல்களை ஒலிநாடாவில் பதிந்து வைத்தார்கள். அதில் தமிழ் எழுத்து கிடையாது. ஆனால், எட்டுக்கு எட்டு கட்டத்தில் புள்ளிகளை நிரப்பி, நமக்கு வேண்டிய எழுத்தை நாமே வரைந்துகொள்ள அது இடங்கொடுத்தது. கட்டத்தாளை எடுத்து, ணகரத்தின் மூன்று சுழிகளை எட்டுப் புள்ளி அகலத்துக்குள் அடக்கிப் பாருங்கள். அந்த வேலையின் அருமை தெரியும். அந்த 1980களில்தான் நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். பெட்டியில் கிடைத்த ஒலிநாடாவைக் குப்பை என்று எண்ணக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி அந்தச் செங்கல்லுக்கு வருவோம். கடைக்காரர்கள் ‘பவர் சப்ளை’ என்று சொல்லும் மின்வழங்கியின் வேலை, சுவரிலிருந்து வரும் உயர்ந்த மின்னழுத்தத்தைக் கணினி தாங்கும் அளவுக்குக் குறைத்துக் கொடுப்பது. நம் நாட்டில் வீட்டு மின்சாரம் நெடுங்காலம் 240 வோல்ட்டாக இருந்தது. 2008 முதல் 230 வோல்ட் என்று வரையறுக்கப்பட்டுள்ளது. காமடோரின் மின்வழங்கி அதிலிருந்து இரண்டு வகை மின்சாரத்தைத் தருகிறது. ஒன்று, 9 வோல்ட் மாறுமின்னோட்டம். மற்றொன்று, 5 வோல்ட் நேர்மின்னோட்டம். சில்லுகளில் பெரும்பாலானவை இந்த 5 வோல்ட்டில்தான் இயங்குகின்றன.

5 வோல்ட்டை எப்போதும் 5 வோல்ட்டாகவே வைத்திருக்க, உள்ளே சீராக்கி என்னும் சிறிய உறுப்பு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஜித்ராவைச் சுற்றியுள்ள நெல்வயல்களைப் பார்த்தாலே போதும். மூடா நீர்ப்பாசனத் திட்டத்தின் கால்வாயில் தண்ணீர் நிறைய ஓடுகிறது. வயலுக்கு அவ்வளவும் வேண்டியதில்லை. மதகுதான் அளந்து விடுகிறது. மதகு அடைத்துக்கொண்டால் வயல் காயும். சரிசெய்து தண்ணீர் விட்டால் பயிர் மீண்டும் தலைநிமிரும். மதகு உடைந்தாலோ, கால்வாய்த் தண்ணீர் முழுவதும் வயலுக்குள் பாய்ந்து நாற்றை அடித்துச் சென்றுவிடும். சீராக்கியும் இந்த இரண்டு விதமாகப் பழுதாகலாம். மின்சாரம் வராமல் நின்றுபோனால் கணினிக்கு ஒன்றும் ஆகாது. வேறு மின்வழங்கியை மாட்டினால் எழுந்துகொள்ளும். ஆனால், காமடோரின் சீராக்கி பெரும்பாலும் உடைந்த மதகாகத்தான் பழுதாகிறது. 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் அதைவிட மிகுதியான மின்னழுத்தம் பாய்கிறது.

ஏன் அது மட்டும் அப்படி? வெப்பந்தான் காரணம். சீராக்கிக்குள் சுமார் 9 வோல்ட் நுழைந்து 5 வோல்ட் வெளியேறுகிறது என்றால், மிச்சமான 4 வோல்ட் எங்கே போகும்? வெப்பமாக மாறும். ஒன்றரை ஆம்பியர் ஓடும்போது 6 வாட் வெப்பம் ஓயாமல் எழும். இந்த வெப்பம் வெளியேற வழி வேண்டும். காமடோர் நிறுவனமோ மின்வழங்கியின் உள்ளே கெட்டிப்படும் பிசினை ஊற்றி, இடைவெளியே இல்லாமல் நிரப்பிவிட்டது. காற்று புக வழியில்லை. பழுதுபார்க்கத் திறக்கவும் முடியாது. குளிர்நாட்டு வரவேற்பறையில் அது எப்படியோ ஓடியிருக்கலாம். கெடாவின் வெயிலில், மின்விசிறி இல்லாத அறையில், மாலை முழுவதும் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? மின்வழங்கியின் மேல் கையை வைத்தவர்கள் அதன் சூட்டை மறந்திருக்கமாட்டார்கள். சில ரிங்கிட் மிச்சப்படுத்த எடுத்த முடிவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதில் ஏமாற்றும் செய்தி ஒன்று உண்டு. கணினியின் மேல்பக்கத்தில் உள்ள சிறிய சிவப்பு விளக்கு இந்த 5 வோல்ட் கம்பியிலிருந்துதான் ஒளிபெறுகிறது. 5 வோல்ட்டுக்குப் பதில் 8 வோல்ட் வந்தாலும் அது எரியும். சற்றுக் கூடுதல் பிரகாசமாகவே எரியும். “விளக்கு எரிகிறதே, மின்வழங்கி நன்றாகத்தான் இருக்கிறது, கணினிதான் கெட்டுவிட்டது” என்று பலரும் முடிவுகட்டுவது இதனால்தான். பிறகு அதே மின்வழங்கியை வேறொரு நல்ல கணினியில் மாட்டி, அதையும் இழப்பார்கள்.

புகை கக்கிக்கொண்டு பழுதாகும் மின்வழங்கிகளும் உண்டு. பிரிட்டனின் ஏக்கான் நிறுவனம் 1981இல் வெளியிட்ட பிபிசி மைக்ரோ என்னும் கணினியை எடுத்துக்கொள்வோம். 1984இல் இந்தியாவில் பள்ளிகளுக்காகத் தொடங்கப்பட்ட ‘கிளாஸ்’ என்னும் கணினிக் கல்வித் திட்டத்தில் பயன்பட்டது அந்தக் கணினிதான். அதன் மின்வழங்கி வேறு வகையைச் சேர்ந்தது. அதில் சுவர் மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்டுவதற்காக, காகிதச் சுருளால் ஆன மின்தேக்கிகள் வைக்கப்பட்டிருந்தன. காலம் செல்லச் செல்ல அவற்றின் மேலோட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும், ஈரக்காற்று உள்ளே நுழையும், காகிதம் நமுத்துவிடும். நம் ஊர் ஈரக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பல ஆண்டுகள் கழித்துச் சுவிட்சைப் போட்டால், சில நிமிடங்களில் ‘பட்’டென்ற ஓசை, அடர்ந்த புகை, மூக்கைத் துளைக்கும் நாற்றம்! வீட்டார் பதறி ஓடுவார்கள். ஆனால், பெரும்பாலும் கணினிக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது. அந்த மின்தேக்கியை மாற்றினால் போதும். புகையும் சத்தமுமாக வந்த பழுது ஓர் உறுப்போடு முடிந்துவிடுகிறது. காமடோரில் ஓசையின்றி வரும் பழுதோ கணினியையே அழித்துவிடுகிறது.

ஆகவே, மாமா முதலில் செய்ய வேண்டியது மின்வழங்கியைக் கணினியில் மாட்டாமல் தனியே அளப்பதுதான். இதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும். அதற்கு முன் மின்வழங்கியின் அடியில் ஒட்டியுள்ள தாளைப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் வாங்கி வந்ததாக இருந்தால் 120 வோல்ட் என்று போட்டிருக்கும். அதை நம் சுவரில் மாட்டினால் அந்த நொடியே கதை முடிந்துவிடும். தாளில் உள்ளது சரியென்றால், கணினியில் மாட்டும் செருகியின் முனைகளில், கையேட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டு, மல்டிமீட்டரின் ஊசிகளை வைக்கலாம். 4.75 முதல் 5.25 வரை காட்டினால் நல்லது. 5.5ஐ நெருங்கினால் அந்த மின்வழங்கியை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

சரியான எண்ணைக் காட்டியதும் நம்பிவிடலாமா? முடியாது. சும்மா இருக்கும்போது 5 வோல்ட்டைக் காட்டிவிட்டு, சுமை ஏறிச் சூடானபின் எகிறும் சீராக்கிகள் உண்டு. ஆளில்லாத வண்டியை எந்த மாடும் இழுக்கும் அல்லவா? ஆகவே ஒரு போலிச் சுமையைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். 5 ஓம் மின்தடை ஒன்றை அந்தக் கம்பியில் இணைத்தால், நீங்கள் அறிவியல் வகுப்பில் படித்த ஓமின் விதிப்படி 1 ஆம்பியர் ஓடும். எழும் வெப்பம் 5 வாட். எனவே 10 வாட் தாங்கக்கூடிய மின்தடையாகப் பார்த்து வாங்க வேண்டும். இப்படி ஒரு மணி நேரம் ஓடவிட்டு, இடையிடையே எண்ணைக் குறித்துக்கொண்டால், அந்தச் செங்கல்லின் உண்மைக் குணம் வெளிப்படும். இத்தனையும் செய்து தேறினாலும், நான் அதைக் கணினியில் மாட்டமாட்டேன். நாற்பது வயதான சீராக்கி இன்றைக்கு நன்றாக இருப்பது நாளைக்கு உத்தரவாதம் ஆகாது. புதிதாகச் செய்யப்பட்ட மின்வழங்கிகள் கிடைக்கின்றன. பழையதையே பயன்படுத்த விரும்புவோருக்காக, மின்னழுத்தம் எல்லை மீறியதும் இணைப்பைத் துண்டித்துவிடும் சிறு காவல் சுற்றும் கிடைக்கிறது.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. செருகியின் முனையில் அளப்பது வேறு; மின்வழங்கியின் பெட்டியைத் திறப்பது வேறு. 240 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் உச்ச அளவு சுமார் 340 வோல்ட். பிபிசி மைக்ரோ போன்ற கணினிகளின் மின்வழங்கியில் உள்ள பெரிய மின்தேக்கி அந்த 340 வோல்ட்டைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கும். சுவரிலிருந்து கழற்றிய பின்னும் சிறிது நேரம் விடாமல் வைத்திருக்கும். உயிருக்கே ஆபத்து. அதைத் திறப்பது மாணவர் வேலையன்று. பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிட வேண்டும். ஜித்ராவில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பண்டார் டாருல் அமானில் உள்ள போலிடெக்னிக்கில் மின்பொறியியல் கற்பிக்கிறார்கள். அங்குப் படிக்கும் அண்ணனோ அக்காவோ அக்கம்பக்கத்தில் இருக்கக்கூடும்.

சரி, தீங்கு ஏற்கெனவே நேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புதிய மின்வழங்கியை மாட்டியாயிற்று. விளக்கு எரிகிறது; திரையோ இருண்டே கிடக்கிறது. இனிப் பொறுமைதான் முதலீடு. எடுத்த எடுப்பில் சில்லுகளைக் கழற்றக் கூடாது. மிக மலிவான காரணத்தை முதலில் விலக்க வேண்டும். கணினியின் மின்பலகையில் கண்ணாடிக் குழாய் வடிவில் ஒரு சிறிய உருகி உண்டு. அது 9 வோல்ட் பாதையைக் காக்கிறது. அது அறுந்துபோனால் 5 வோல்ட் வழக்கம்போல் வரும், விளக்கும் எரியும்; ஆனால், திரைப்படத்தை உருவாக்கும் சில்லுக்கு வேண்டிய மின்சாரம் கிடைக்காது. சில காசு பெறும் உருகிக்காக நல்ல சில்லுகளைப் பிடுங்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

உருகி நன்றாக இருந்தால், அடுத்த சந்தேகம் நினைவகத்தின் மேல் விழும். மிகை மின்னழுத்தத்துக்கு முதலில் பலியாகக் கூடியவை நினைவகச் சில்லுகளே. தொடக்கக் காலக் காமடோர் 64இல் 4164 என்னும் எண்ணுடைய எட்டுச் சில்லுகள் இருக்கும். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் அல்லவா? ஒவ்வொரு பைட்டின் எட்டு பிட்டுகளையும் எட்டுச் சில்லுகள் ஆளுக்கு ஒன்றாகச் சுமக்கின்றன. எட்டுப் பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் தோளை எடுத்துவிட்டால் பல்லக்கு முழுவதும் சாயும். அதுபோல ஒரு சில்லு இறந்தாலும் 64 கிலோபைட்டில் எந்தப் பைட்டையும் நம்ப முடியாது. கணினி விழிக்காமலேயே கிடக்கும்.

எட்டில் எது இறந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விரல்தான் முதல் கருவி. கணினியின் மின்பலகையில் இருப்பது குறைந்த மின்னழுத்தம் என்பதால், சுவிட்சைப் போட்டு ஒரு நிமிடம் கழித்துச் சில்லுகளின் முதுகை மெல்லத் தொட்டுப் பார்க்கலாம். ஏழு சில்லுகள் வெதுவெதுப்பாக இருக்க, ஒன்று மட்டும் விரலைச் சுட்டால் அதுதான் குற்றவாளி. ஆனால், சூடானவையெல்லாம் கெட்டவை ஆகிவிடா. படத்தை உருவாக்கும் சில்லும் ஒலியை எழுப்பும் சில்லும் இயல்பாகவே சூடேறுபவை. நல்ல நிலையில் எது எவ்வளவு சூடாகும் என்று அறியாதவர்கள் இந்த இடத்தில்தான் தவறான சில்லைக் கழற்றுகிறார்கள்.

விரலுக்குப் புலப்படாவிட்டால் இன்னொரு வழி. நல்ல நினைவகச் சில்லு ஒன்றை எடுத்து, சந்தேகத்துக்குரிய சில்லின் முதுகில், கால்கள் ஒன்றோடொன்று பொருந்துமாறு சவாரி ஏற்றுவார்கள். கீழே இருப்பது முற்றிலும் செயலிழந்திருந்தால், மேலே இருப்பது அதன் வேலையை ஏற்றுக்கொள்ளும், திரை விழித்துக்கொள்ளும். காமடோர் நிறுவனமே பழுதுபார்ப்போருக்காக ஒரு சோதனைப் பொதியுறையும் செய்திருந்தது. அதைக் கணினியின் பின்புறம் செருகினால், இருண்ட திரை சில முறை ‘பளிச், பளிச்’ என்று மின்னும். எத்தனை முறை மின்னியது என்று எண்ணி, கையேட்டில் பார்த்தால் எந்தச் சில்லு என்று தெரிந்துவிடும். பேச முடியாத நோயாளி கண் சிமிட்டிப் பதில் சொல்வதைப் போன்றது அது. இருண்ட திரைக்கு வேறு சில சில்லுகளும் காரணமாகலாம். அந்தப் பொதியுறை நினைவகத்தின்மேல் குறை சொல்லாவிட்டால் அவற்றின் பக்கம் திரும்ப வேண்டும்.

இறந்த சில்லின் பதினாறு கால்களிலும் உள்ள ஈயத்தை உருக்கி எடுத்து, புதியதைப் பொருத்துவது அரை மணி நேர வேலை. அவசரப்பட்டு இழுத்தால் பலகையின் செப்புத் தடம் உரிந்துவிடும். புதிய சில்லை நேராக ஈயத்தால் பற்றவைக்காமல், ஒரு தாங்கியைப் பற்றவைத்து அதில் செருகுவது அனுபவசாலிகளின் வழக்கம். அடுத்த முறை பழுதானால் கையாலேயே கழற்றிவிடலாம்.

பலகையைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் சில்லுகளின் முதுகில் அச்சிட்டிருப்பதையும் படித்துப் பாருங்கள். அக்காலக் கணினிகள் பலவற்றில் சில சில்லுகளின்மேல் ‘மலேசியா’ என்ற சொல் இருக்கும். 1972இல் இன்டெல் நிறுவனம் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை தொடங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே அந்நிறுவனம் அமைத்த முதல் தொழிற்சாலை அது. வேறு பல நிறுவனங்களும் அதே காலத்தில் அங்கு வந்தன. வெளிநாட்டில் செய்த சிலிக்கான் தகடுகளை இங்கே துண்டுகளாக்கி, உருப்பெருக்கியில் பார்த்தபடி மயிரினும் மெல்லிய கம்பிகளை இணைத்து, கறுப்பு உறைக்குள் அடைத்துச் சோதித்து அனுப்பினார்கள். பால்மரக் காட்டில் உழைத்த குடும்பங்களின் பிள்ளைகளும் சீருடை அணிந்து தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள். உங்கள் பாட்டியோ பெரியம்மாவோ அந்தப் பேருந்தில் போனவராக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

பழுது நீங்கியதா என்பதைக் கணினியே சொல்லிவிடும். விழித்ததும் அது தன் நினைவகத்தை எழுதிப் படித்துச் சோதித்துக்கொள்கிறது. பிறகு நீலத் திரையில், நிரல் எழுத எத்தனை பைட் இடம் உண்டு என்று காட்டுகிறது. அந்த எண் 38911. அதைவிடக் குறைவான எண் தோன்றினால், வழியில் எங்கோ ஒரு நினைவக அறை பதில் சொல்லவில்லை என்று பொருள்.

ஒலிநாடாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதைக் கணினி பிழைக்கும்வரை காக்க வைக்கத் தேவையில்லை. நிரல்கள் அந்த நாடாவில் ஒலியாகவே பதிந்திருக்கின்றன. சாதாரண ஒலிநாடாக் கருவியில் போட்டால் கீச்சிடும் ஓசையாகக் காதில் விழும். அந்த ஓசையை இன்றைய கணினியில் ஒலிக்கோப்பாகப் பதிவுசெய்து வைத்துக்கொள்ளலாம். பழைய கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருள்கள் இருப்பதால், அந்தக் கோப்பிலிருந்தே நிரலை மீட்டு ஓடவிடவும் வழி உண்டு. ஆனால், கருவியில் போடுமுன் நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். விளிம்பில் வெள்ளைப் பொடி போல ஏதேனும் தெரிந்தால் அது பூஞ்சணம். அதைத் துடைத்துச் சுத்தம் செய்யாமல் ஓட்டினால் நாடா ஒட்டிக்கொண்டு கிழியும். பூஞ்சணம் பிடித்த நாடா ஓடிய கருவியில் அடுத்த நாடாவைப் போட்டால், அதற்கும் பூஞ்சணம் தொற்றிவிடும்.